திருவளர்செல்வி நோவேல்யூ

"ஏப்பா ஜெரால்டு, பொண்ணு உங்காளுங்களா?"

முதலாளி தம்பிதுரை மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, கையிலிருந்த தாளைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு கேட்டார். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த ஜெரால்டுக்கு ஒன்றும் புரியவில்லை.

"எந்தப் பொண்ணுங்ண்ணா?"

"இதாப்பா, கோபிசெட்டிபாளையம் பழனாத்தாம்மா மகன் மனோஜ்குமார் கல்யாணக் கார்டு. பொண்ணு பேரு இங்கிலீசுல நோவேல்யூன்னு போட்டிருக்குது. நோயல், நோரான்னு உங்காளுங்கதானே பேரு வெப்பீங்க? அந்தம்மா எப்படிப்பா இதுக்கு ஒத்துக்கிச்சு?"

ஜெரால்டு பாய்ந்து தாளை வாங்கினான். தங்க நிறத்தில், பிள்ளையார் படத்துக்குக் கீழே, கொட்டை எழுத்தில் இருந்தது: திருவளர்செல்வன் மனோஜ்குமார், திருவளர்செல்வி நோவேல்யூ. பெண்ணைப் பெற்றவர்கள் திரு. நோவேல்யூ, திருமதி நோவேல்யூ. சொந்த ஊரும் நோவேல்யூதான்.

"இது டெஸ்ட் பிரிண்ட்டுங்ண்ணா. சும்மா ஓட்டிப் பாத்தேன்."

"அப்ப நெசப் பேரு என்ன?"

"கம்ப்யூட்டருக்குள்ள இருக்குதுங்ண்ணா" என்று சொல்லி வைத்தான். பொய் சொல்லிப் பழக்கமில்லாத பையன். காது இரண்டும் சிவந்துவிட்டது.

மங்கலா கார்ட்ஸ், டவுன்ஹால் பக்கம் ஒரு சந்துக்குள் இருக்கிறது. அங்கே டிடிபி வேலைக்குச் சேர்ந்த ஜெரால்டு, தன் பாட்டுக்கு டைப் அடித்துக்கொண்டு கிடந்திருக்கலாம். கிடக்கவில்லை. புத்திசாலித்தனம் தாங்காமல் ஒரு மேக்ரோ எழுதி வைத்தான். மேக்ரோ என்றால் பிரமாதமாக ஒன்றுமில்லை, கம்ப்யூட்டருக்கு ஒருமுறை சொல்லி வைக்கிற உத்தரவு. கல்யாண வீட்டுக்காரர்கள் போனிலேயே விவரங்களைப் போட்டு அனுப்பினால், அது எக்செல் ஷீட்டில் ஒரு வரிசையாக வந்து உட்காரும். மேக்ரோ அந்த வரிசைக்குப் போய், மாப்பிள்ளை யார், பெண் யார், மண்டபம் எது என்று கட்டம் கட்டமாகத் தேடி எடுத்து வந்து, கார்டில் அதனதன் இடத்தில் வைத்துவிடும். தேடிப் போன கட்டம் காலியாக இருந்தால் 'நோவேல்யூ', அதாவது 'ஒன்றுமில்லை', என்று எழுதிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கும். அதற்கென்ன, வெட்கமா மானமா?

பெண் பெயரைப் போடாமல் அனுப்பவே முடியாதபடிதான் ஜெரால்டு முதலில் செய்திருந்தான். தம்பிதுரைதான் அதைக் கெடுத்தார். "வாசல்லயே மறிச்சு நிக்க வெச்சா கஸ்டமரு எப்படிப்பா உள்ள வருவாங்க? எடுத்துப்போடு" என்றார். எடுத்துப்போட்டான்.

இப்போது ஷீட்டைத் திறந்து பார்த்தான். மனோஜ்குமார் வரிசையில் மாப்பிள்ளை பக்கம் அத்தை, மாமன், சித்தப்பன் என்று ஒரு ஊரே இருந்தது. பெண் பக்கம் ஒரு புள்ளி கிடையாது. பெயர் காலி, பெற்றோர் காலி, ஊர் காலி, போன் நம்பர் காலி.

அதற்கு நேர் மேல் வரிசையைப் பார்த்ததும் அவனுக்கு விஷயம் விளங்கிவிட்டது. அல்லது விளங்கியதாக நினைத்துக்கொண்டான். அது அவனுடைய வரிசை.

தை மாதம் ஜெரால்டுக்கும் அவிநாசி ஷைலாவுக்கும் கல்யாணம். மங்கலா கார்ட்ஸில் ஆடி மாதம் ஆர்டர் கொடுத்தால் தள்ளுபடி உண்டு. வேலை செய்கிறவர்களுக்கும் அது பொருந்தும். அதனால் முந்தின நாள் மதியம், முதலாளி சாப்பிடப் போன நேரம் பார்த்து, தன் விவரத்தைத் தானே ஷீட்டில் நுழைத்தான். வரிசைகளை மேலே தள்ளினான், கீழே இழுத்தான், ஒட்டினான், வெட்டினான். சந்தோஷத்தில் கை நிலைகொள்ளவில்லை.

"அய்யோ, அழிச்சுப்போட்டேன்!" என்று வாய்விட்டே சொல்லிவிட்டான்.

கோபிச் சீமையில் ஒரு பெரிய தோட்டத்துக் குடும்பம். அந்த வீட்டுக்கு வரப்போகிற பெண்ணை, அப்பா அம்மா ஊர் உறவோடு, ஒரு விரல் தட்டில் துடைத்து எடுத்துவிட்டான். இப்படித்தான் அவன் நம்பினான்.

போன் போட்டுக் கேட்டால் தீர்ந்தது என்று நீங்கள் சொல்வீர்கள். அங்கேதான் வந்தது வினை. பழனாத்தாள், தம்பிதுரைக்குச் சொந்தம். "எங்க பையன் செஞ்சு வெச்சிருக்கிற சிஸ்டத்துல ஒரு எழுத்துத் தப்பாதுங்க, ஒருக்காக் குடுத்ததை மறுக்காக் கேக்க மாட்டோமுங்க" என்று அந்தம்மாவிடம் மார்தட்டி ஆர்டர் பிடித்தவர் அவர். இவன் போய் "உங்க மருமகளைத் தொலைச்சுட்டேனுங்க" என்று நின்றால் சாயங்காலத்துக்குள் சீட்டுக் கிழிந்துவிடும்.

வேலை போனால் இன்னொரு வேலை. ஆனால் ஷைலாவின் அப்பா தேவதாஸ் லேசுப்பட்டவர் இல்லை. ஜெரால்டு இந்த வேலைக்கு முன்பு கடைக்குக் கடை தாவிக்கொண்டிருந்த கதையெல்லாம் அவருக்குத் தெரியும். "தம்பி, ஒரே எடத்துல ஒரு வருசம் ஒழுங்கா வேலை பாத்துக் காட்டுங்க. அப்பறந்தான் கோயில்ல ஓலை வாசிக்கறது" என்று, சர்ச்சில் கல்யாண அறிவிப்பு வாசிப்பதையே தள்ளிப்போட்டு, கறாராகச் சொல்லியிருந்தார். அந்த வருஷம் முடிய இன்னும் கொஞ்ச நாள் பாக்கி. இந்த வேலை போனால் ஷைலா போனாள்.

"இன்னைக்கோட ஆடி முடியுது கண்ணு" என்றார் தம்பிதுரை, பின்னால் வந்து நின்றுகொண்டு. "தள்ளுபடியும் இன்னைக்கு வரைக்குந்தான். அந்தம்மா சாயங்காலம் வந்து கார்டோடதான் போவேன்னுடுச்சு. ரொம்பக் கெட்டி. சித்திரை வெயில்ல போயிக் குடை வாங்கி வெக்கிற ஆளு. அப்பத்தான் வெலை கொறைவாம்!"

"முடிச்சுப்போடறேனுங்ண்ணா."

அவர் நகர்ந்ததும் ஜெரால்டு கார்டில் இருந்த மண்டபத்தின் நம்பருக்குப் போன் போட்டான். பூ அலங்காரக்காரன் பேசுவதுபோல் குரலை மாற்றிக்கொண்டான்.

"ஏனுங்க, தையில மனோஜ்குமார் கல்யாணமுங்களே, மேடையில பேரு வெக்கோணும். பொண்ணு பேரு என்னங்க?"

"தெரீலீங்களே" என்றார் மண்டபத்து மேனேஜர். "மாப்பிள்ளையூட்டுக்காரங்கதான் வந்து எல்லாம் பேசிட்டுப் போனாங்க. பொண்ணூட்டுல இருந்து இன்னும் யாரும் எட்டிப் பாக்கலீங்க."

என்ன ஜனங்களடா இது, பெற்ற பெண்ணுக்குக் கல்யாணம், மண்டபத்தைக்கூட வந்து பார்க்க மாட்டார்களா என்று ஜெரால்டுக்கு ஆத்திரமாக வந்தது. வேறு வழி தெரியவில்லை. இப்போதைக்கு அந்த நோவேல்யூ முதலாளியின் கண்ணில் மறுபடி படாமல் இருந்தால் போதும், பெயரை அப்புறம் எப்படியாவது கண்டுபிடித்துவிடலாம் என்று முடிவு செய்தான்.

மேக்ரோவில் அவன் எப்போதோ எழுதி வைத்த ஒரு வரி இருந்தது. ஒரே வீட்டில் அக்காவுக்கும் தங்கைக்கும் அடுத்தடுத்துக் கல்யாணம் வைக்கிறவர்கள், இரண்டாவது முறை மண்டபத்தின் பெயரைப் போடச் சோம்பல்பட்டு விட்டுவிடுவார்கள். அதற்காக, 'மண்டபம் காலியாக இருந்தால் மேல் வரிசையில் இருப்பதையே எடுத்துக்கொள்' என்று ஓர் ஏற்பாடு. இதுவரை ஒரு பிசகும் செய்யாத வரி. அதைப் பிடித்து, அவசரத்தில், எல்லாக் கட்டத்துக்கும் பொருந்தும்படி மாற்றிவிட்டான்.

திரையில் பக்கம் வந்தது. ஜெரால்டு நோவேல்யூவைத் தேடினான். எங்கேயும் இல்லை. எல்லா இடமும் நிறைந்திருந்தது. அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தான். காலி இருக்கிறதா என்று பார்த்தானே தவிர, நிறைந்திருப்பது என்ன என்று படிக்கவில்லை.

இன்னொன்றையும் மறந்து தொலைத்தான். எல்லாக் கட்டமும் நிறைந்துவிட்டால், கார்டின் படம் தானாகவே இரு வீட்டாரின் வாட்ஸ்அப்புக்கும் போய்விடும். அதுவும் அவன் செய்த ஏற்பாடுதான். பழனாத்தாள் வேறு யார் போனிலிருந்தோ விவரத்தை அனுப்பிவிட்டு, நம்பருக்குத் தன் பட்டன் போனைக் கொடுத்திருந்தார், அதில் வாட்ஸ்அப் கிடையாது, அங்கே போகவில்லை. பெண் வீட்டு நம்பர் காலி. ஆகவே மேல் வரிசையில் இருந்த நம்பருக்குப் போயிற்று.

டீ குடிக்க எழுந்தான். போன் அடித்தது.

"தம்பி, நான் தேவதாஸ் பேசறேன்."

நாக்கில் தேன் தடவினாற்போல 'மாப்ளே' என்று கூப்பிடுகிற மனிதர், இன்றைக்குத் தம்பி என்றார்.

"சொல்லுங்க மாமா."

"நம்ம ஷைலாவுக்குத் தையில எத்தனை கல்யாணமுங்க?"

"மாமா?"

"இல்லீங்க, தெரிஞ்சுக்கலாம்னு கேக்கறேன். நேத்து ஒரு கார்டு வந்துச்சு. மாப்பிள்ளை நீங்க. இப்ப ஒண்ணு வந்திருக்குது. மாப்பிள்ளை கோபிசெட்டிபாளையம் மனோஜ்குமார். பொண்ணு அதே ஷைலாதான். பெத்தவங்க தேவதாஸ், விமலாராணி. கீழ, தங்கள் நல்வரவை நாடும்னு போட்டு எங்க பேரு. நான் எப்பங்க தம்பி இவங்க வரவை நாடுனேன்?"

ஜெரால்டு திரையைப் பார்த்தான். இருந்தது. தங்க எழுத்தில், பிள்ளையார் படத்துக்குக் கீழே, அவன் ஷைலா, முன்பின் தெரியாத ஒருத்தன் பக்கத்தில் திருவளர்செல்வியாக நின்றிருந்தாள். அவன் கையாலேயே, சொந்த மேக்ரோவாலேயே கட்டி வைத்திருக்கிறான்.

"மாமா, அது மெஷின் மிஸ்டேக்குங்க மாமா! காலியா இருந்தா மேல இருக்கறதை எடுத்துக்கோன்னு சொல்லியிருந்தேனுங்க!"

"மேல இருக்கறதுன்னா? என்ற புள்ளைங்களா?"

பின்னாலிருந்து விமலாராணியின் குரல் கேட்டது. "ஏனுங்க, அந்தப் பையனுக்குத் தோட்டம் எத்தனை ஏக்கருன்னு கேளுங்க!"

"சும்மாரு விமலா, மனுசன் அதிர்ச்சியில இருக்கறப்ப" என்று அதட்டினார் தேவதாஸ். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு கேட்டார். "எத்தனை ஏக்கருங்க தம்பி?"

ஜெரால்டு போனை வைத்துவிட்டான். முதல் காரியமாக வாட்ஸ்அப்பில் தானாகப் போகிற அந்த ஏற்பாட்டை நிறுத்தினான். அடுத்ததாக, மேல் வரிசையைப் பார்க்கச் சொன்ன வரியை வெட்டி எறிந்தான். இனி அக்கம்பக்கத்து வரிசையில் கை வைக்கவே கூடாது. காலியாக இருந்தால், யாருடையதுமில்லாத ஒரு பொதுப் பெயர் வரட்டும், பிறகு மாற்றிக்கொள்ளலாம். கடையின் கண்ணாடி அலமாரியில் வருகிறவர்களுக்குக் காட்டுவதற்கென்று ஒரு மாதிரிக் கார்டு பல வருஷமாக மாட்டியிருக்கிறது. அதன் ஃபைல் கம்ப்யூட்டரிலேயே இருந்தது. 'காலியாக இருந்தால் மாதிரிக் கார்டில் இருப்பதை எடுத்துக்கொள்' என்று எழுதி மேக்ரோவை ஓட்டினான். திரையில் வந்ததைப் படித்துப் பார்க்க நேரமில்லை, ஷைலா போனில் கூப்பிட்டுவிட்டாள்.

உள்ளே பேச முடியாது. போனை எடுத்துக்கொண்டு சந்துமுனை பேக்கரிக்கு ஓடினான்.

"எனக்கு வேற மாப்பிள்ளை பாத்துட்டியாமா?" என்றாள் ஷைலா.

"சாமி சத்தியமா இல்ல ஷைலா. கேளு, நான் சொல்றதை மட்டும் கேளு."

"நீ சொல்லாட்டிப் போ. அம்மா அவன் போட்டோ இருக்கான்னு கேக்கச் சொல்றாங்க."

"உங்கம்மாவுக்கு என்னைப் புடிக்கும்னு சொன்னே?"

"புடிக்குந்தான். உன்ற மேல அவங்களுக்கு ஒரு கோபமும் இல்ல. கார்டு ரொம்ப நல்லா வந்திருக்குதாம், அந்தப் பேப்பரே நமக்கும் போடச் சொன்னாங்க. அதுல எந்த மாப்பிள்ளைன்னுதான் இன்னும் சொல்லல."

சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியாமல் அவன் அங்கேயே நின்று, வரிசை, கட்டம், மேக்ரோ என்று அரை மணி நேரம் பாடம் நடத்தினான். ஷைலா கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"காலியா இருந்தா காலின்னு போட்டுட்டுப் பேசாம இருக்கறதுக்கென்ன?"

சந்துக்குள்ளிருந்து மெஷின் ஓடுகிற சத்தம் வந்துகொண்டிருந்தது.

அவன் ஓடிப்போய்ப் பார்த்தபோது மெஷின்மேன் ஆஸிம் கடைசிக் கட்டை எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தார்.

"அண்ணா, என்னத்தை ஏத்துனீங்க?"

"கோபிக் கார்டுதான். நீ வெளிய போனே, ஓனரு வந்து பாத்தாரு, எங்கயும் நோவேல்யூ இல்ல, எல்லாம் ஃபுல்லா இருக்குது, ஓட்டுன்னாரு. ஓட்டிட்டேன். சும்மா ஜொலிக்குது பாரு."

"ஓனரு எங்கீங்க?"

ஆஸிம் முகவாயால் உள் அறையைக் காட்டினார். "ஒரு கார்டை எடுத்துட்டுப் போனாரு. அதுக்கப்பறம் சத்தத்தையே காணோம்."

தம்பிதுரை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மேஜைமேல் கார்டு திறந்து கிடந்தது. கண்ணாடி தரையில் விழுந்து கிடந்தது, அதை எடுக்கவேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை.

"ஜெரால்டு."

"ஏனுங்ண்ணா."

"என்ற பேரு என்னப்பா?"

"தம்பிதுரைங்ண்ணா."

"என்ற சம்சாரம் பேரு?"

"பத்மாவதி அக்காங்ண்ணா."

"என்ற புள்ள பேரு?"

ஜெரால்டின் கண் கார்டுக்குப் போயிருந்தது. திருவளர்செல்வன் மனோஜ்குமார், திருவளர்செல்வி கனிஷ்கா. தங்கள் நல்வரவை நாடும் தம்பிதுரை, பத்மாவதி.

கனிஷ்கா பால்வாடிக்குப் போகிற வயதில், கடை திறந்த புதிதில், மகள்மேல் இருந்த ஆசையில் மாதிரிக் கார்டுக்கு அவள் பெயரையே போட்டு வைத்தவர் தம்பிதுரை. பிறகு அது அலமாரிக்குள் போய், யாரும் படித்துப் பார்க்காமல், ஒரு ஓரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. கனிஷ்கா இப்போது காலேஜில் கடைசி வருஷம்.

"பத்மாவுக்குப் போன் போட்டேன்" என்றார் தம்பிதுரை, யாரிடமோ பேசுவதுபோல. "என்னைக் கேக்காம புள்ளைக்கு எப்படிடீ கல்யாணம் முடிவு பண்ணுனேன்னு கேட்டேன். ஒரு வாரமா அந்தம்மாகூட கொஞ்சிக் கொஞ்சிப் போன் பேசுனது நீங்கதானே, நீங்கதான் முடிவு பண்ணிப்போட்டீங்கன்னு அவ அங்க அழுதுட்டு இருக்கறா."

"அண்ணா, தப்பு என்ற மேலதானுங்ண்ணா. காலியா இருந்தா..."

"நீ சும்மாரு. உனக்குத் தெரியாது." அவர் கார்டின்மேல் விரலை வைத்தார். "மனோஜ்குமாரு அப்பனும் நானும் ஒரே கூட்டமப்பா. பங்காளி! முறைக்கு அவனும் கனிஷ்காவும் அண்ணன் தங்கச்சி! எங்கள்ள ஒரு கூட்டத்துக்குள்ள பொண்ணு எடுக்கவும் மாட்டாங்க, குடுக்கவும் மாட்டாங்க. அண்ணனுக்கும் தங்கச்சிக்கும் கல்யாணம்னு தங்க மையில அடிச்சு, அதுக்குக் கீழ வாங்க வாங்கன்னு நானே கையெழுத்துப் போட்டு வெச்சிருக்கறேன்! இதுல ஒரு கார்டு கோபிப் பக்கம் போச்சுன்னாக்க, நான் கடையச் சாத்திப்போட்டு மேக்காலயோ கெழக்காலயோ போயிர வேண்டியதுதான்!"

ஜெரால்டு கணக்குப் போட்டுப் பார்த்தான். நோவேல்யூ என்று இருந்தபோது அது வெறும் அசிங்கம். மேல் வரிசையை எடுத்தபோது அவன் கல்யாணம் ஆடிப்போயிற்று. இப்போது ஒரு குலத்துக்கே ஆகாத காரியத்தைச் செய்து முடித்திருக்கிறான். அந்த முதல் நோவேல்யூவே எவ்வளவு யோக்கியமாக இருந்தது என்று இப்போதுதான் தெரிந்தது.

"எல்லாத்தையும் கிழிச்சுரலாமுங்ண்ணா. வேற அடிச்சுக்கலாம்."

"கிழி கிழி! மொதல்ல கட்டையெல்லாம் இங்க கொண்டா!"

இருவரும் ஓடி ஓடிக் கார்டுக் கட்டுகளை உள் அறைக்குள் சேர்த்தார்கள். கடைசிக் கட்டைத் தூக்கிக்கொண்டு திரும்பும்போது சந்துக்குள் ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது.

"வந்துட்டாங்க!" என்றான் ஜெரால்டு.

தம்பிதுரை கட்டைக் கீழே போட்டு, அதன்மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

பழனாத்தாள் உள்ளே வந்தார். நல்ல உயரம், கண்டாங்கிச் சேலை, கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். பின்னாலேயே மகன் மனோஜ்குமார், கார்ச் சாவியை விரலில் சுற்றிக்கொண்டு, தலையைக் குனிந்தபடி. கல்யாண மாப்பிள்ளை என்ற களை ஏதும் அவன் முகத்தில் தெரியவில்லை. நெற்றி ஓரத்தில் முடி விலகத் தொடங்கியிருந்தது.

"வாங்க அம்மணி, வாங்க கண்ணு" என்றார் தம்பிதுரை, உட்கார்ந்த இடத்திலிருந்தே.

பழனாத்தாள் திகைத்து நின்றார். கொங்கு நாட்டில், சொந்தக்காரி வீடு தேடி வந்தால் நோயில் படுத்தவன்கூட எழுந்து உட்காருவான்.

"என்னுங்க இது? எந்திரிக்கக்கூட மாட்டேங்கறீங்க?"

"முட்டி வலிங்க."

"நாற்காலி இருக்குதே. தரையில ஏனுங்க உக்காந்திருக்கறீங்க?"

"வைத்தியரு சொன்னாருங்க."

பழனாத்தாள் பழத்தை மேஜைமேல் வைத்துவிட்டு, முகத்தைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டார். "செரி, கார்டு ஆச்சுங்களா? பொழுதுக்குள்ள ஊடு போயிச் சேரோணும்."

"இல்லீங்க" என்றார் தம்பிதுரை. "ஆகலீங்க" என்றான் ஜெரால்டு. "மெஷின் ரிப்பேருங்க." "கரண்ட் இல்லீங்க." இருவரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். தலைக்கு மேலே மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது.

அப்போது ஆஸிம் சிரித்த முகத்தோடு உள்ளே வந்தார். நல்ல மனிதர், கஸ்டமர் வந்தால் சந்தோஷப்படுகிறவர். "அம்மா, இந்தாங்க, மெஷின்ல இருந்து எடுத்தது. சூடுகூட ஆறல" என்று ஒரு கார்டை நீட்டினார்.

தம்பிதுரை கண்ணை மூடிக்கொண்டார்.

பழனாத்தாள் கார்டைத் தடவிப் பார்த்தார். கனத்தைப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார், பிள்ளையாரைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "அருமையா இருக்குதுங்க. என்ற கண்ணாடி கார்லயே இருக்குது. மனோஜு, நீ படிச்சுப் பாத்துச் சொல்லு கண்ணு."

மனோஜ்குமார் கார்டை வாங்கினான். ஒருமுறை படித்தான். புருவம் ஏறியது. இன்னொரு முறை, விரலை வைத்து, எழுத்து எழுத்தாகப் படித்தான். அவன் முகத்தில் ரத்தம் ஏறுவது ஜெரால்டுக்கு நன்றாகத் தெரிந்தது. அடிக்கப்போகிறான் என்றுதான் நினைத்தான். இனி மறைத்துப் பயனில்லை. வேலை போனாலும் சரி, ஷைலா போனாலும் சரி, அடுத்தவன் கட்டிக்கொள்ளப்போகிற பெண்ணை நாம் தொலைத்தோம் என்பதை அவன் முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுவதுதான் மரியாதை என்று தோன்றியது. கையைக் கூப்பிக்கொண்டு முன்னால் வந்தான்.

"அண்ணா, மன்னிச்சுக்கோங்க. முதலாளி மேல ஒரு தப்பும் இல்லீங்க, எல்லாம் நாந்தான். நீங்க குடுத்த பொண்ணு பேரை நான்..."

மனோஜ்குமார் அவன் பக்கம் திரும்பவே இல்லை. கார்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, நம்ப முடியாமல், அம்மாவைப் பார்த்துக் கேட்டான்.

"ஏனுங்கம்மா, ஆடித் தள்ளுபடி முடியறதுக்குள்ள கார்டை மட்டும் அடிச்சு வெச்சுக்கலாம், பொண்ணை அப்பறமாத் தேடிக்கலாம்னுதானே சொன்னீங்க, எனக்கு எப்பங்க பொண்ணு கெடைச்சுது?"